முக அழகை அறிவியல் முறைப்படி அளக்க முடியுமா?

முகத்தை அளக்க முடியும். அதைப் பார்க்கிறவர்களின் விருப்பத்தையும் ஓரளவு அளக்க முடியும். ஆனால் இரண்டையும் குழைத்து "உங்கள் அழகு 74 சதவீதம்" என்று ஒருவர் சொன்னால் அது அறிவியல் இல்லை. கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இந்தக் கேள்வியைச் சும்மா யாரும் கேட்பதில்லை. ஏதோ ஒரு செயலியில் உங்கள் படத்தை ஏற்றியிருப்பீர்கள், அது பத்துக்கு ஐந்தரை போட்டிருக்கும். இல்லையென்றால் யாரோ உங்கள் மூக்கைப் பற்றியோ தாடையைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். அப்படி எதுவும் இல்லை, வெறும் ஆர்வம்தான் என்றால் நல்லது. நான் முதல் வகை ஆளை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு முகவாதம் வந்தது. காலையில் வாய் கொப்பளித்தால் தண்ணீர் வலது பக்கமாக ஒழுகுகிறது, வலது கண்ணை மூட முடியவில்லை, புருவம் ஏறவில்லை. முகத்தசைகளை இயக்கும் ஏழாவது கபால நரம்பு வீங்கிச் செயலிழந்தால் இப்படி ஆகும். பக்கவாதமோ என்று பயந்துதான் ஓடினோம். பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும், இதில் அந்தப் பக்க நெற்றியும் சுருங்காது. ஆனால் நீங்களே பார்த்து முடிவு செய்ய வேண்டாம், எதுவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முகவாதத்துக்கான ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது முக்கியம்.

அங்கே என் முகத்தை அளந்தார்கள். ஹவுஸ்-பிராக்மன் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, 1985இல் வந்தது. முதல் நிலை என்றால் இயல்பு, ஆறாம் நிலை என்றால் அசைவே இல்லை. நான் ஐந்தாம் நிலையில் இருந்தேன். புருவத்தை உயர்த்தச் சொல்லி, வாயோரத்தை இழுக்கச் சொல்லி, பிசியோதெரபிஸ்ட் பார்ப்பார். ஒரு சென்டிமீட்டர் நகர்வைக் கால் கால் சென்டிமீட்டராகப் பிரித்துப் புருவத்துக்கு நான்கு, வாய்க்கு நான்கு என்று மொத்தம் எட்டு மதிப்பெண். அதை வைத்துத்தான் நிலையை முடிவு செய்வார்.

இதில் கவனிக்க வேண்டியது, என் வலது பாதியை அவர் ஒப்பிட்டது என் இடது பாதியோடு. வேறு யாருடைய முகத்தோடும் இல்லை. எண் மாறினால் அதற்கு அர்த்தம் இருந்தது. நரம்பு துளிர்க்கிறது, இனி பயிற்சியை மாற்றலாம் என்று அது சொன்னது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து இரண்டாம் நிலை வரை வந்தேன். இன்றும் அதில் எனக்குப் பெருமைதான்.

மிச்சம் ஒன்று நின்றது. சிரித்தால் வலது கண் சுருங்கும். நரம்பு திரும்ப வளரும்போது வாய்க்குப் போக வேண்டிய இழைகள் வழி மாறிக் கண்ணுக்குப் போவதால் வருவது இது. தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி இதற்கு உதவும் என்று கேள்விப்பட்டு ஓர் அழகுசிகிச்சை கிளினிக்குக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஆலோசகர் என்று ஒருவர் வந்தார், கை நீட்டும் தூரத்தில் டேப்லெட்டைப் பிடித்துப் படம் எடுத்தார், என் முகத்தின் மேல் கோடுகளால் ஆன ஒரு முகமூடியைப் படரவிட்டார். அழகின் சூத்திரம் என்று சிலர் நம்பும் பொன் விகிதத்தோடு 74 சதவீதப் பொருத்தமாம். மூக்கு அகலம், தாடை குறைவு, கன்னத்தை உப்பவைக்க ஃபில்லர் ஊசி என்று ஒரு பட்டியல் வந்தது. நான் எதற்காகப் போனேனோ, அந்தக் கண் சுருங்குவது மட்டும் பட்டியலில் இல்லை! சிரிக்காமல் எடுத்த படத்தில் அது எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். அந்த முகமூடி, ஸ்டீபன் மார்க்குவார்ட் என்ற அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர் 1.618 என்ற அந்தப் பொன் விகிதத்தை வைத்து உருவாக்கியதன் வழிவந்தது. பேஷன் மாடல்களின் முகத்துக்கும் ஐரோப்பிய முகவாகுக்கும்தான் அது நெருக்கம் என்று 2008இல் விரிவான விமர்சனமே வந்துவிட்டது. அதற்கும் முன்பே, கண்ணின் அகலமும் இரு கண்களுக்கு இடையிலான தூரமும் சமம், முகம் மூன்று சம பாகம் என்ற பழைய ஓவிய விதிகளை, முக அளவை ஆய்வாளர் லெஸ்லி ஃபார்காஸ் நிஜ மனிதர்கள் மேல் அளவுக்கருவியை வைத்துச் சோதித்தார். பலருக்கு அந்த விதிகள் பொருந்தவே இல்லை.

சரி, "அப்போ அழகு என்பதே பொய்யா, முகம் கோணியவர் அப்படித்தான் சொல்வார்" என்று யாராவது வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. மனிதர்களிடையே ஓரளவு ஒருமித்த கருத்து இருப்பது உண்மை. 1878இலேயே பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் குற்றவாளிகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துக் 'குற்றவாளி முகம்' கிடைக்குமா என்று தேடினார். கிடைத்ததோ தனித்தனி முகங்களைவிட லட்சணமான ஒரு முகம். 1990இல் லாங்லாய், ராக்மன் என்ற உளவியலாளர்கள் கணினியில் 32 முகங்கள் வரை கலந்து பார்த்தபோதும் அதே கதை, சராசரி முகம் பலருக்குப் பிடித்தது. ஆனால் 1994இல் உளவியலாளர் பெரட்டின் குழு, அழகானவை என்று மக்கள் தேர்ந்த முகங்களின் சராசரி, எல்லா முகங்களின் சராசரியையும் முந்துகிறது என்று காட்டியது. ஆக சராசரியும் முழு விடை இல்லை.

இவை எல்லாம் அளந்தது பார்க்கிறவர்களின் தீர்ப்பை. அதிலும் ஏறக்குறைய பாதிதான் எல்லோருக்கும் பொது, மீதிப் பாதி அவரவர் சொந்த ரசனை என்று 2006இல் ஹோனகாப் என்ற உளவியலாளர் கணக்கிட்டார். அந்தச் சொந்த ரசனை எங்கிருந்து வருகிறது? 2015இல் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வில், பெரும்பாலும் மரபணுவிலிருந்து இல்லை, அவரவர் வாழ்ந்து பழகிய அனுபவத்திலிருந்து என்று தெரிந்தது. நாம் யாரோடு வளர்ந்தோம், யாரைத் தினமும் பார்த்தோம் என்பதை எந்தக் கோட்டு முகமூடியும் அறியாது.

உங்கள் செயலி என்ன செய்கிறது தெரியுமா? இந்த மாதிரி வேலைக்குப் பயன்படும் ஒரு பிரபலமான தரவுத்தொகுப்பில் 5500 முகங்கள், ஒவ்வொன்றுக்கும் 60 பேர் ஒன்று முதல் ஐந்து வரை போட்ட மதிப்பெண். அதில் பழகிய மென்பொருள், அந்த 60 பேர் உங்களைப் பார்த்திருந்தால் என்ன போட்டிருப்பார்கள் என்று ஊகிக்கிறது. அவ்வளவுதான். 2016இல் பியூட்டி.ஏஐ என்று கணினியே நடுவராக இருந்த போட்டியில், தேர்வான 44 பேரில் கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளையர்கள், கருநிறத்தவர் ஒரே ஒருவர். பழக்கிய படங்கள் எப்படியோ, தீர்ப்பும் அப்படி.

அப்புறம் படம். 30 சென்டிமீட்டர் தூரத்தில் எடுக்கும் செல்பியில் மூக்கு, ஒன்றரை மீட்டரில் எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஆலோசகர் என் மூக்கைக் குறை சொன்னது எந்தத் தூரத்துப் படத்தை வைத்து என்று யோசித்துப் பாருங்கள்.

படம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். முகம் ஒரு பக்கம் தொங்கியிருந்த நாட்களில் அலுவலகத்தின் முகப்பதிவு வருகை இயந்திரம் என்னை அடையாளம் காணவில்லை. நான் வந்து வேலை செய்த நாட்களை 'வரவில்லை' என்று எழுதிச் சம்பளத்தைப் பிடித்தார்கள். எதிரே நின்று பேசுகிறேன், என் குரல் தெரிகிறது, பெயர் தெரிகிறது, "சிஸ்டத்தில் இல்லையே" என்கிறார்கள். கையெழுத்துப் போட ஒரு நோட்டு வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. முகத்தில் காயம்பட்டவர், அறுவை சிகிச்சை முடிந்தவர் எல்லாம் என்ன செய்வார்கள்?

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முக அறுவை சிகிச்சைக்கோ பல் சீரமைப்புக்கோ நான் எதிரி இல்லை. உதடு பிளவைச் சரிசெய்யும் மருத்துவருக்கும் கடிப்பு சரியில்லாத தாடையை நிமிர்த்துபவருக்கும் மில்லிமீட்டர் கணக்கு அவசியம். நோயாளி சாப்பிட, பேச, வாயை மூட, திறக்க ஏதுவாக அவர்கள் அளக்கிறார்கள். எனக்கும் அந்தப் போடாக்ஸ் ஊசியைக் கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர்தான் போட்டார். மருந்தின் பலன் சில மாதம்தான் இருக்கும் என்பதையும் முன்னாடியே சொல்லிவிட்டுத்தான் போட்டார். போடுவதற்கு முன் என்னைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்தார்.

எனவே அடுத்த முறை யாராவது உங்களுக்கு மதிப்பெண் தந்தால், யார் போட்ட மதிப்பெண், யாருடைய முகங்களோடு ஒப்பிட்டது, எவ்வளவு தூரத்தில் எடுத்த படம் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த எண் தூக்கத்தைக் கெடுக்கிறது, ஒரு நாளைக்குப் பலமுறை கண்ணாடியில் அதே இடத்தையே பார்க்க வைக்கிறது என்றால், போக வேண்டியது அழகு கிளினிக்குக்கு இல்லை, மனநல மருத்துவரிடம். தோற்றத்தைப் பற்றிய இந்த வாட்டம் மருத்துவம் அங்கீகரித்த ஒரு நோய், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.