சிறுவயதில் பட்ட மனக்காயத்துக்கும் பெண்கள் அடங்காமல் சாப்பிடுவதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இதைக் கேட்கும் நீங்கள், எல்லோரும் படுத்த பிறகு அடுக்களையில் நின்றபடி சாப்பிடுகிறவர் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னியுங்கள்.

அம்மா போன பிறகு நான் வளர்ந்தது மாமா வீட்டில். யாரும் அடித்ததில்லை. முறுக்கு டப்பாவை அத்தை நூலால் கட்டி, தனக்கு மட்டுமே தெரிந்த முடிச்சாகப் போட்டு வைப்பார். மூன்றாவது இட்லிக்குக் கை நீட்டினால், "பெற்றவள் போன துக்கம் இவள் வயிற்றுக்குத் தெரியவில்லை" என்பார், விருந்தாளிகள் காதில் விழும்படி.

அவரைத் தூற்றவில்லை. நான்கு பிள்ளைகள், ஒரே சம்பளம். அம்மாவின் அட்டிகை எங்கே போயிற்று என்றுதான் இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை. அத்தை மகளின் கல்யாண ஆல்பத்தில் அதைப் பார்த்தேன். அது போகட்டும்.

இன்று என் வீடு, என் சம்பளம். பகலில் நாலு பேர் எதிரில் கொறிப்பதோடு சரி. ராத்திரியில் ஆறிய சோறு, ஊறுகாய், பிள்ளைகளுக்கு வாங்கிய பிஸ்கட் எல்லாம் ருசி தெரியாமலே உள்ளே போகும். காலிப் பொட்டலத்தைக் குப்பைக்கூடையின் அடியில் அமுக்கி வைப்பேன், நான் காசு கொடுத்து வாங்கியதை.

1980களில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் உடல் பருமனுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி, நன்றாக இளைத்துவந்தவர்களே பாதியில் நின்றுவிடுவதைக் கண்டு விசாரித்தார். பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். அதைத் தொடர்ந்து 1998இல் வெளிவந்த பெரிய ஆய்வில், அடி உதையோடு வாயால் வதைப்பதும் பிள்ளைப்பருவக் கொடுமையாகவே கணக்கில் வந்தது.

"ஒரு சொல்லுக்கா இவ்வளவு?" என்று கேட்க வருவீர்கள். வசவு வாங்கிய எல்லோருக்கும் இது வருவதில்லை. செல்லமாக வளர்ந்தவர்களுக்கும் வருகிறது. பரம்பரைக்கும் பட்டினி டயட்டுக்கும் பங்கு உண்டு. தெரியும். ஆனால் "நாக்கு அடங்காதவள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கட்டுக்கடங்காமல் உண்பதை அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013இல் தங்கள் கையேட்டில் தனி நோயாகவே சேர்த்துவிட்டார்கள்.

டயட் நிபுணர்கள் எனக்கு அட்டவணை கொடுத்தார்கள். மனநல மருத்துவர்தான், "சாப்பிடும்போது யார் பார்ப்பதாகத் தோன்றுகிறது?" என்று கேட்டார். நீங்களும் அப்படி ஒருவரிடம் போங்கள். முதலில் பேசிப் பார்க்க அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலிமானஸ் எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

எடை குறைக்கும் பவுடர் விற்பவர்கள் எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். என் நாத்தனாரே விற்கிறார்.