உடன்பாடா, ஒப்பந்தமா? கேள்வி பதில்

பத்திரங்களையும் கோர்ட் காகிதங்களையும் மொழிபெயர்ப்பது என் தொழில். இந்த இரண்டு சொற்களைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், அக்ரிமென்ட், கான்ட்ராக்ட் ரெண்டுக்குமே ‘ஒப்பந்தம்’னுதான் எழுதிட்டு வர்றேன். தப்பா?

பேச்சில் தப்பில்லை. ஆனால் 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தைத் தமிழாக்க உட்கார்ந்தால் 2ஆம் பிரிவிலேயே மாட்டிக்கொள்வீர்கள். சட்டப்படி நிறைவேற்ற வைக்கக்கூடிய அக்ரிமென்ட்தான் கான்ட்ராக்ட் என்கிறது அது. உங்கள் கணக்குப்படி எழுதினால், ‘சட்டப்படி நிறைவேற்ற வைக்கக்கூடிய ஒப்பந்தமே ஒப்பந்தம்’ என்று வரும். படிப்பவர் சிரிப்பார். அதனால் அக்ரிமென்ட் என்றால் உடன்பாடு, கான்ட்ராக்ட் என்றால் ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, எழுதிக் கையெழுத்துப் போட்டால்தானே ஒப்பந்தம்?

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். கல்யாணத்துக்கு 300 இலைக்குச் சமையல்காரரிடம் பேசி, வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்தாயிற்று. காகிதமே இல்லை, ஆனாலும் அது ஒப்பந்தம். ‘ஞாயித்துக்கிழமை பிரியாணி வாங்கித் தர்றேன்’ என்று மச்சான் சொல்ல, நீங்களும் தலையாட்டினீர்கள். அவர் வராவிட்டால் கோபித்துக்கொள்ளலாம், வழக்குப் போட முடியாது. இரு தரப்பும் மனமொத்துச் சம்மதிக்க வேண்டும், மறுபயன் (ஒருவர் தருவதற்கு ஈடாக மற்றவர் தருவதோ செய்வதோ) இருக்க வேண்டும், நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். எழுத்து கட்டாயமாவது சில வகைகளுக்கு மட்டுமே. (எழுதி வைத்தால் சாட்சி தேடி அலைய வேண்டாம் என்பது வேறு விஷயம்.)

கேள்வி: 17 வயசுப் பையன் கையெழுத்துப் போட்டிருந்தா?

செல்லாது. மொஹரி பீபி – தர்மோதாஸ் கோஷ் வழக்கு இதற்காகவே பேர் பெற்றது. கல்கத்தாவில் மைனர் ஒருவர் தன் சொத்தை வட்டிக்காரரிடம் 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதிக் கொடுத்தார். அவர் மைனர் என்பது வட்டிக்காரரின் ஆளுக்கும் தெரிந்தே இருந்தது. 1903இல், பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், அந்த அடமானம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றது. கொடுத்த பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிடவில்லை. அங்கே உடன்பாடு இருந்தது. ஒப்பந்தம் உருவாகவே இல்லை. இரண்டு சொல்லும் தனித்தனியே தேவைப்படுவது இந்த மாதிரி இடத்தில்தான்.

கேள்வி: கிரிக்கெட் பந்தயம்?

அதே ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு. செல்லாத உடன்பாடு. ஜெயித்தவர் பணம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போக முடியாது.

கேள்வி: அப்போ ‘புரிந்துணர்வு ஒப்பந்தம்’?

எனக்குப் பிடிக்காத சொல். பெரும்பாலும் ‘இப்படிச் செய்யலாம் என்றிருக்கிறோம்’ என்ற அளவில்தான் அதில் எழுதியிருப்பார்கள். கட்டுப்படுத்துமா என்பது உள்ளே இருக்கும் வாசகத்தைப் பொறுத்தது. ‘ஒப்பந்தம்’ என்றதுமே வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். இலங்கைப் பத்திரிகைகளில் ‘புரிந்துணர்வு உடன்படிக்கை’ என்றும் பார்க்கலாம்.

கேள்வி: உடன்படிக்கை என்பது வேறா? நாடுகளுக்கு மட்டும்தானா?

நாடுகளுக்கு இடையே என்றால் நான் உடன்படிக்கை என்றே எழுதுவேன். நாளிதழ்கள் 1960இன் சிந்து நதிநீர் விவகாரத்தையும் ‘ஒப்பந்தம்’ என்றுதான் போடுகின்றன. சண்டைக்குப் போவதில்லை. நாடுகளுக்கு இடையிலான உடன்படிக்கைகள் பற்றிய 1969இன் வியன்னா விதிகளே, என்ன பெயர் சூட்டினாலும் அது உடன்படிக்கைதான் என்கின்றன. வேதாகமம் படிப்பவர்களுக்கு அதே சொல் கடவுள் மனிதரோடு செய்துகொண்டது. இலக்கணத்தில் படித்த உடம்படுமெய்யும் ‘உடன்படு’வின் உறவுதான்: சேராத இரண்டு உயிரெழுத்துகளைச் சேர்த்து வைக்கும் மெய்.

கேள்வி: அண்ணே, வீட்டு வாடகைப் பத்திரத்துல ‘வாடகை உடன்படிக்கை’ன்னு தலைப்பு இருக்கு. மாத்தணுமா?

வேண்டாம் தம்பி. தலைப்பை விட்டுவிட்டு, அட்வான்ஸை எப்போது திருப்பித் தருவார் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.