பழைய விடுதிக் கொடுமைக்கு நிர்வாகத்தை இப்போது சட்டத்தின் முன் நிறுத்த முடியுமா?

1998-ல் கும்பகோணம் பக்கம் ஒரு மத நிறுவன விடுதியில் உங்கள் அண்ணனுக்கு நடந்த பாலியல் கொடுமை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இப்போதும் புகார் தரலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அண்ணன் வழக்குக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம், குறிப்பாக இயற்கைக்கு மாறான பாலுறவுக் குற்றத்துக்கான 377-வது பிரிவு. அதற்குக் காலவரம்பு கிடையாது.

மூடி மறைத்தவர்களைப் பிடிப்பதுதான் கடினம். தெரிந்தும் புகார் செய்யாத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை என்னும் போக்சோ 21-வது பிரிவு 1998-க்குப் பாயாது. ஆனால் கொடுமை செய்த அதே ஆளைத் திருவாரூர் விடுதிக்கு மாற்றி, 2012-க்குப் பிறகு அங்கும் பிள்ளைகள் பாதிக்கப்பட்டு, நிர்வாகம் தெரிந்தே வாய் திறக்காமல் இருந்திருந்தால் பாயும். ஆகவே இடமாற்றக் கடிதம், விடுதிப் பதிவேடு, அப்பா அன்று எழுதிய புகாரின் நகல் எல்லாமே முக்கியம்.

"சாமி காரியம், பேசி முடிச்சுக்கலாம்" என்று ஊர்ப் பெரியவர்கள் வந்தால் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அண்ணன் சம்மதித்தால் எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். அந்த ஆள் இன்னும் பிள்ளைகளோடு இருக்கிறார் என்றால் இன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.