வரப்போகும் பி.எஃப். பணத்தை நம்பி அஞ்சு வட்டிக்கு வாங்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வாடகை வீடு. மணலியில் கான்ட்ராக்டரிடம் ஃபிட்டராக இருந்த என் கணவர் எட்டு மாதம் முன்பு மாரடைப்பில் இறந்துவிட்டார். 10 ஆண்டு சர்வீஸ், பேசிக் 14,000, பி.எஃப்.பில் சுமார் 3 லட்சம். பையனுக்கு 8 வயது, பெண்ணுக்கு 5. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். காரியத்துக்கும் ஸ்கூல் பீஸுக்கும் 1 லட்சமும், கொழுந்தன் கேட்டதால் 50,000-மும் அஞ்சு வட்டிக்கு வாங்கினேன். கல்யாணத்துக்கு முன்பே அண்ணன் தன்னை நாமினியாகப் போட்டதாகவும், பணம் தன் கைக்குத்தான் வரும், வந்ததும் பிரித்துத் தருவதாகவும் சொல்கிறார். ஷேர் ஆட்டோ எடுக்க இன்னும் 1 லட்சம் வாங்கித் தரச் சொல்கிறார். அவருக்குப் பயந்து எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்த இன்னொரு லட்சத்தை வாங்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. வராத பணத்தைக் கணக்கில் வைத்துக் கடன் வாங்கும் பழக்கம்தான் உங்களை அரிக்கிறது. நோட்டில் நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்: ஒவ்வொரு 5-ஆம் தேதியும் 7,500. ஏழு மாதத்தில் 52,500 போயிருக்கிறது. அசல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

இனி கொழுந்தனுக்கு வருவோம். பி.எஃப். விதிப்படி குடும்பம் என்றால் மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர். தம்பி அதில் இல்லை. குடும்பம் இல்லாத காலத்தில் வெளியாளை நாமினியாகப் போட்டிருந்தாலும், கல்யாணம் ஆனதும் அது செல்லாது. செல்லுபடியாகும் நாமினேஷன் இல்லையென்றால் குடும்பத்தாருக்குச் சம பங்கு. நீங்கள், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று நான்கு பங்கு. கொழுந்தனுக்குப் பங்கே கிடையாது. ஆனால் மாமியாருக்கு உண்டு. அவர் உங்கள் கணவரின் சம்பளத்தில் சாப்பிட்டவர், அவர் பங்கை நீங்களும் மறைக்கக் கூடாது.

எவ்வளவு வரும்? இன்ஷூரன்ஸ் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பெரிய தொகையே அதுதான். பி.எஃப். உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்தால், அவர் ஒரு பைசா கட்டாமலே இடிஎல்ஐ காப்பீடு உண்டு. சம்பளத்தைப் போல் 35 மடங்கு, அதாவது 14,000 × 35 = 4,90,000. அதோடு கடைசி 12 மாத சராசரி பி.எஃப். இருப்பில் பாதி, சுமார் 1,40,000. ஆக 6.3 லட்சம். உச்சவரம்பு 7 லட்சம் என்பதால் முழுதாகவே வரும். பி.எஃப். 3 லட்சத்தைச் சேர்த்தால் 9.3 லட்சம், ஒரு பங்கு ஏறத்தாழ 2.3 லட்சம்.

பென்ஷன் தனி. அதில் மாமியாருக்கும் பங்கில்லை. சம்பளத்தைச் சர்வீஸ் ஆண்டால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும்: 14,000 × 10 ÷ 70 = 2,000 உங்களுக்கு; பென்ஷன் திட்டத்தின் அட்டவணைப்படி அதைவிடக் கூடுதலாக வந்தால் அதைத் தருவார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்குக் கால் பங்கு, 500, 25 வயது வரை. சிறிய தொகைதான், ஆனால் நீங்கள் மறுமணம் செய்யாதவரை ஆயுளுக்கும் வரும். இறந்த மறுநாளிலிருந்து கணக்கிடுவதால் எட்டு மாத நிலுவையும் சேர்ந்து வரும்.

இ-சேவை மையத்தில் வாரிசு சான்றிதழுக்கு இந்த வாரமே மனுப் போடுங்கள். பி.எஃப். பணத்துக்குப் படிவம் 20, பென்ஷனுக்கு 10டி, இன்ஷூரன்ஸுக்கு 5ஐஎஃப், மூன்றையும் பி.எஃப். அலுவலகத்தில் ஒன்றாகக் கொடுங்கள். கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட இழுத்தடித்தால் வங்கி மேலாளரோ கெசட்டட் அதிகாரியோ சான்றளிக்கலாம். பிள்ளைகளுக்குத் தாயாகிய நீங்களே கார்டியன். அவர்கள் பெயரில் வங்கிக் கணக்கைத் தொடங்கி வையுங்கள். கணவரின் பாஸ்புக்கில் மே, ஜூன் பக்கங்களைப் புரட்டி 436 ரூபாய் பிடித்திருக்கிறார்களா பாருங்கள். இருந்தால் ஜீவன் ஜோதி காப்பீட்டில் தனியாக 2 லட்சம் இருக்க வாய்ப்புண்டு. உடனே வங்கியில் கேளுங்கள்.

பணம் வரும்வரை அந்த வட்டியைச் சுமக்க வேண்டாம். ஐந்து சவரன் பீரோவில் தூங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். கூட்டுறவு வங்கியில் அதை அடகு வைத்து 1.5 லட்சக் கடனை அடைத்துவிடுங்கள். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றே வைத்தாலும் 1,500தான். மாதம் 6,000 மிச்சம், வீட்டு வாடகைக்கு ஆகும். உங்கள் பங்கு வந்ததும் நகையை மீட்டுவிடுங்கள்.

பிள்ளைகளின் 4.6 லட்சத்தைத் தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில் அவர்கள் பெயரில் போடுங்கள். 7.4 சதவீதத்தில் மாதம் சுமார் 2,800 வரும். பெரிய தொகை கணக்கில் விழுந்ததும் சிங்கிள் பிரீமியம் யூலிப் (ஒரே தவணையில் கட்டி, பணத்தைச் சந்தையில் போடும் காப்பீடு) என்று யாராவது வங்கியிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள். வேண்டாம். அடுத்த வருஷ ஸ்கூல் பீஸுக்கு எடுக்க வேண்டிய பணத்தை ஐந்து வருஷம் பூட்டிவைத்து, சந்தை ஏறுமா இறங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்க உங்களால் முடியாது.

கொழுந்தன் நீட்டும் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் வாங்கிய 50,000-ஐ மாமியார் முன்னால் தேதியோடு எழுதி வாங்குங்கள். வட்டிக்காரரிடம் அசலை எண்ணிக் கொடுக்கும்போது புரோநோட்டையும், நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தந்த வெற்று காசோலையையும் கையோடு திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.