இமை தடித்தால் அந்த சோப்பு வேண்டாம்

கேள்வி: புதுச்சேரியில் ஒரு கடையில் காபித்தூள், வெட்டிவேர், எலுமிச்சைப்புல் எண்ணெய் சேர்த்துக் கையால் செய்த ஸ்க்ரப் சோப்பு வாங்கினேன். இரண்டு வாரமாக முகத்துக்குப் போடுகிறேன். கன்னம் எரிகிறது, கருத்தும் வருகிறது. சோப்பின் மேலே வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சையா? காஸ்டிக் சோடா ரத்தத்தில் ஏறிப் புற்றுநோய் வரும் என்று யூடியூபில் சொல்கிறார்களே? மெடிக்கலில் கொடுத்த களிம்பைத் தடவினால் ஒரு நாள் அடங்குகிறது. காலையில் கண் இமையும் கொஞ்சம் தடித்திருக்கிறது. நான்கு மாதத்தில் எனக்குக் கல்யாணம்.
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இந்தக் கருமை பெரும்பாலும் நிரந்தரமல்ல. புண்பட்ட தோல் ஆறும்போது நிறமி கூடுதலாகப் படிகிறது, அவ்வளவுதான். புண்படுத்துவதை நிறுத்தினால் மூன்று முதல் ஆறு மாதத்தில் மங்கும். கல்யாணத்தன்று லேசாக மிச்சம் இருந்தாலும் இருக்கலாம். எரிச்சல் அடங்கியதும் வாசனை சேர்க்காத எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து முழுக்கப் பூசுங்கள். கடலூர் வியர்வைக்கு அது நிற்காது. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். எலுமிச்சைச் சாறு, பேக்கிங் சோடா பக்கம் போகவே போகாதீர்கள்.

போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, இமை தடிப்பு, அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். சொரசொரப்பான கட்டியால் தேய்த்ததில் வந்த எரிச்சல் என்றால் தேய்த்த இடத்தோடு நிற்கும், அன்றைக்கே தெரியும், அரிப்பைவிட காந்தல்தான் அதிகம் இருக்கும். இமை மேல் யாரும் காபித்தூளை வைத்து அழுத்தித் தேய்ப்பதில்லை. தேய்க்காத இடம் தடிக்கிறது என்றால் ஒவ்வாமையைத்தான் சந்தேகிக்க வேண்டும். இமைத் தோல் அத்தனை மெல்லியது, விரலில் ஒட்டிய வாசனை எண்ணெயே அதற்குப் போதும். இந்த ஒவ்வாமை ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால்தான் பலர் சோப்பை விட்டுவிட்டு, நேற்றுச் சாப்பிட்ட கருவாட்டின் மேலும் கத்தரிக்காயின் மேலும் பழி போடுகிறார்கள். உடம்பு ஒரு வாசனைப் பொருளை ஒருமுறை எதிரியாகக் குறித்துக்கொண்டால் பிறகு லேசில் மறக்காது. அடுத்த முறை சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரும். எலுமிச்சைப்புல் எண்ணெயில் இருக்கும் சிட்ரால் அப்படிப்பட்ட ஒன்று. ஷாம்பு, கிரீம், சென்ட் எதில் வேண்டுமானாலும் அது மறுபடி வந்து நிற்கலாம். இயற்கைப் பொருள்தானே என்று சொல்லாதீர்கள், சேராங்கொட்டையும் இயற்கைதான்.

ஆகவே இன்றோடு அந்த சோப்பை நிறுத்துங்கள். வெறும் தண்ணீரில் முகம் கழுவி, ஈரம் காயும் முன் வெள்ளை வாசலின் மெல்லிசாகப் பூசினால் போதும். இமை வீங்கிக் கண் திறக்க முடியாமல் போனாலோ, நீர் வடிந்து மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். உதடு, நாக்கு வீங்கி மூச்சு இழுத்தால் உடனே 108.

களிம்பின் பெயரை எழுதவில்லை. தடவினால் அடங்கி, விட்டால் திரும்புகிறது என்றால் அநேகமாக ஸ்டீராய்டு. டியூபை எடுத்துப் படியுங்கள்: பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா? இவற்றை நீங்களாக முகத்தில் தடவிக்கொண்டே போனால் தோல் மெலியும், பரு கிளம்பும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். இமையில் தொடர்ந்து பட்டால் கண் அழுத்தமே கூடலாம். கூடவே நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து கலந்திருந்தால் அதுவே இன்னொரு ஒவ்வாமைக்கு வழி. கவுன்டரில் நின்று கேட்டு வாங்குவதற்கு இது இருமல் மிட்டாய் இல்லை.

வெள்ளைப் பூச்சு பூஞ்சை அல்ல, காற்று பட்டுப் படிந்த சோடியம் கார்பனேட். வழித்துப் போட்டால் போயிற்று. காஸ்டிக் சோடா எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகவே மாறிவிடுகிறது. அளவு தப்பி மிஞ்சியிருந்தால் தோலை அரிக்கும், அதற்காக ரத்தத்தில் ஏறிப் புற்றுநோய் எல்லாம் வராது. அந்த வீடியோவை மூடிவிடுங்கள். கட்டியில் ஆரஞ்சுப் புள்ளியும் காறல் வாடையும் வந்தால் மட்டும் எண்ணெய் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடலாம்.

ஒன்று கவனியுங்கள்: வீட்டில் உப்பும் கடினமுமான போர் தண்ணீர் என்றால் இந்த மாதிரி சோப்பு நுரைக்காது. நுரை வரவில்லையே என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பீர்கள், சோப்பு திரிந்த பிசுக்கும் தோலில் தங்கும். ஸ்க்ரப் கட்டி முகத்துக்கானதே அல்ல. முழங்கை, முழங்கால், குதிகாலுக்கு வாரம் ஒருமுறை, அரை நிமிடம் போதும். வேறு எந்த வாசனை சோப்பு வாங்கினாலும், தோல் நன்றாக ஆறிய பிறகு, முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஐந்து ரூபாய் நாணய அளவில் நுரையைத் தடவிக் கழுவுங்கள். காலை மாலை, ஏழு நாள். நடுவில் அரித்தால் அதோடு விட்டுவிடுங்கள். இப்போது இருக்கும் கட்டியை வைத்து இந்தச் சோதனை வேண்டாம்.

இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ புதுச்சேரி ஜிப்மரோ, எது வசதியோ அங்கே. எந்த வாசனைப் பொருள் என்று கண்டுபிடிக்க முதுகில் பேட்ச் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் முதுகு நனையக் கூடாது, வியர்த்து வழியவும் கூடாது. எடுத்த பிறகு இரண்டு நாளில் இன்னொரு முறை பார்ப்பார்கள். தோல் சிவந்து பொங்கியிருக்கும்போதோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும்போதோ செய்தால் முடிவு தவறாகும், அதனால் எப்போது என்பதை மருத்துவர் சொல்லட்டும். சோப்பின் உறை, மீதிக் கட்டி, அந்த டியூப், கல்யாணத்துக்காக வாங்கி வைத்திருக்கும் மேக்கப் சாமான், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.