1 யோவான் 5:7 வசனம் திருவிவிலியத்தில் ஏன் இல்லை? அப்படியானால் வேதாகமத்தை எப்படி நம்புவது?

யாரும் எடுத்துவிடவில்லை. அது பிற்பாடு உள்ளே வந்த வரி.

பழைய தமிழ் வேதாகமத்தில் "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்று இருக்கும். புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ஆவி, நீர், இரத்தம் என்ற மூன்று சாட்சிகள் மட்டுமே. இந்தக் கடிதம் அடங்கிய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றில் பிதா, வார்த்தை வரி இருப்பவை மிகச் சில. அவையும் காலத்தால் பிந்தியவை. சிலவற்றில் அது ஓரத்தில் மட்டும், வேறொரு கையெழுத்தில். 4ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் பிரதிகளில் கிடையாது. இயேசு பிதாவுக்குச் சமமா என்று அதே நூற்றாண்டில் எழுந்து, 325இல் நிசேயா சங்கம் வரை போன ஆரியு சர்ச்சையிலும் கிரேக்கச் சபைப் பிதாக்கள் இதைக் காட்டி வாதாடவில்லை. கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா?

வரி பிறந்தது லத்தீனில். ஆவி, நீர், இரத்தத்துக்கு யாரோ எழுதிய விளக்கம் ஓரக்குறிப்பாக நின்றிருக்கும் என்பதே பரவலான கருத்து. சிக்கல் என்னவென்றால், பிரதி எடுப்பவர் விட்டுப்போன சொற்களையும் அதே ஓரத்தில்தான் எழுதுவார். அடுத்து எழுத உட்காருகிறவருக்கு எது விளக்கம், எது விடுபட்ட மூலம் என்று தெரியாது. பாதுகாப்புக்கு எல்லாவற்றையும் உள்ளே சேர்த்துவிடுவார்.

அறிஞர் எராஸ்மஸ் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் 1516, 1519 பதிப்புகளில் இந்த வரி இல்லை. எதிர்ப்பு கிளம்பியது. அதைக் கொண்ட ஒரு கிரேக்கப் பிரதி தலைகாட்டியதும் 1522இல் சேர்த்தார். (அந்தப் பிரதி இப்போது டப்ளினில், டிரினிட்டி, அதாவது பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தின் பெயரைத் தாங்கிய கல்லூரியில்!) "ஒரு பிரதி காட்டுங்கள், சேர்க்கிறேன்" என்று அவர் சவால் விட்டதாகச் சொல்லும் கதைக்குச் சரியான ஆதாரமில்லை. அந்த அச்சு வழியாகவே கிங் ஜேம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்புக்கும் (1611), நம் பழைய மொழிபெயர்ப்புக்கும் வந்தது.

"சாட்சியிடுகிறவர்கள் என்ற சொல் இருமுறை வருவதால் கண் தாவி நடுவரி விடுபட்டது" என்பார்கள் கிங் ஜேம்ஸ் ஆதரவாளர்கள். ஒரு பிரதியில் நடக்கும். கிரேக்கப் பிரதிகள், சிரியாக், காப்டிக் மொழிபெயர்ப்புகள் என எல்லா இடத்திலும் ஒரே வரியில் எல்லார் கண்ணும் தாவாது. எதிர்த்தரப்பும் அவசரப்படுகிறது: இந்த வரி போனால் திரித்துவமே போச்சு என்பது தவறு. நிசேயாவின் விசுவாச அறிக்கை இதன்மேல் கட்டப்படவில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரையும் சொல்லும் மத்தேயு 28:19 அப்படியே நிற்கிறது.

வேதாகமத்தில் பிழையே இல்லை என்று வலியுறுத்தும் 1978 சிகாகோ அறிக்கையே, தேவ ஏவுதல் ஆசிரியர்கள் எழுதிய மூலப்பிரதிகளுக்கே உரியது என்கிறது. மூலப்பிரதி ஒன்றுகூட நம்மிடம் இல்லை. ஆகவே அதை ஏற்பவரும் பிரதிகளை ஒப்பிட்டே ஆகவேண்டும். சபையில் "ஒரு எழுத்தும் மாறவில்லை" என்று சொல்லிப் பழக்குவதுதான் வம்பு. பிள்ளைகள் கல்லூரிக்குப் போய் ஒரு அடிக்குறிப்பைப் பார்த்ததும் ஆடிப்போகிறார்கள்.

நீங்களே சோதிக்க, அடிக்குறிப்புள்ள பதிப்பில் மாற்கு 16:9-20, யோவான் 7:53-8:11 இரண்டையும் பாருங்கள். தலா 12 வசனங்கள்; 5:7ஐவிடப் பெரிய விவகாரம்.