பிஸ்கட் டின்னுல பூச்சி சேக்கற பொண்ணுக்கு மூணாவது நீட் எதுக்கு?

போன வாரம் கோபி பக்கத்துல இருந்து ஒரு குடும்பம் படிப்பு பத்தி யோசனை கேட்டு என்னப் பாக்க வந்திருந்தாங்க. அப்பா, அம்மா, பொண்ணு, கூடவே தாய்மாமன். பாப்பா ரெண்டு தடவை நீட் எழுதிட்டா, ரெண்டாவது தடவையும் கவர்மென்ட் சீட்டுக்கு கிட்டக்கூட வரல. மாமன்தான் பேசினாரு, இன்னொரு வருஷம் கோச்சிங், இல்லன்னா ரோட்டோரம் இருக்கற ஒன்றரை ஏக்கரை குடுத்துட்டு டீம்டு காலேஜ், அதுவும் இல்லன்னா வெளிநாட்டுல, ஜார்ஜியாவுல எம்பிபிஎஸ். அப்பா தலைய குனிஞ்சுட்டே உக்காந்திருந்தாரு. அம்மா பையில இருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்ன எடுத்து மேஜையில வச்சு, "புக்க தொறக்காம இதத்தான் பண்ணிட்டு இருக்கறா, நீங்களே கேளுங்க சார்"னாங்க, கண்ணுல தண்ணி.

டின்ன தொறந்தேன். உள்ள தெர்மாகோல், அதுல நாப்பது அம்பது பூச்சி வரிசையா. தென்னையில வர்ற காண்டாமிருக வண்டு, பொன்வண்டு, தட்டான், வெட்டுக்கிளி, ஓரத்துல நாலு அந்துருண்டை. ஒவ்வொரு வண்டுலயும் ஊசி நடு முதுகுல குத்தாம, வலது பக்க கெட்டிச் சிறகுல குத்தி இருந்துச்சு. ஏம்மா இப்படின்னு கேட்டேன். "நடுவுல குத்துனா அங்க இருக்கற அடையாளம் போயிரும் சார், ஒரு பக்கமாவது முழுசா இருந்தாத்தான் பின்னாடி பாக்கறவங்க என்ன வண்டுன்னு சொல்ல முடியும்"னா. மியூசியத்துல வண்டுக்கு ஊசி போடறது இப்படியேதான். யாரும் சொல்லித் தராம யூடியூப்ப பாத்து கத்துக்கிட்டிருக்கா.

அக்கா, நீங்க அழுதுட்டு இருந்ததால அன்னைக்கு ஆறுதலா நாலு வார்த்தை சொல்லி அனுப்பிட்டேன். அது போதாதுங்க. இதே நிலமையில நிறைய வீடு இருக்கறதால இங்கயே முழுசா எழுதுறேன், உங்க அடையாளம் தெரியாம.

முதல்ல, மூணாவது நீட் வேண்டாம். பாப்பா கிட்ட தனியா கேட்டேன், டாக்டர் ஆகணும்னு உனக்கு எப்பவாவது தோணிருக்கான்னு. இல்லன்னு தலையாட்டினா, ஒரு செகண்ட் கூட யோசிக்கல. மனசே இல்லாத புள்ளைய இன்னொரு வருஷம் ஹாஸ்டல் ரூம்ல அடைச்சு வச்சா மார்க் ஏறாது, புள்ளைதான் இளைச்சுப் போகும். அப்பறம் அந்த ஒன்றரை ஏக்கர். டீம்டு யூனிவர்சிட்டில எம்பிபிஎஸ் ஃபீஸ் மட்டும் வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு மேல, நாலரை வருஷம், ஹாஸ்டல் தனி, அது முடிஞ்சா எம்.டி.க்கு திரும்பவும் முதல்ல இருந்து. வெளிநாட்டுல படிச்சா இங்க வந்து எஃப்எம்ஜிஇன்னு ஒரு தகுதித் தேர்வு எழுதணும், அதுல பாஸ் ஆகறவங்கள விட ஃபெயில் ஆகறவங்கதான் அதிகம். காட்ட விக்காதீங்க. உங்க தம்பி நல்லதுக்குத்தான் சொல்றாரு, அதுல எனக்கு சந்தேகம் இல்ல, ஆனா கடன கட்டப்போறது அவரு இல்ல.

நர்சிங், பாராமெடிக்கல், அக்ரி, இஞ்சினியரிங் பத்தியெல்லாம் நான் எழுதப்போறதில்ல, அத சொல்றதுக்கு உங்க தெருவுலயே பத்து பேர் இருப்பாங்க. நான் சொல்ல வர்றது வேற. மியூசியம்.

மியூசியம்னா ஸ்கூல்ல டூர் கூட்டிட்டுப் போவாங்க, கண்ணாடிக்குள்ள எதையாவது வச்சிருப்பாங்க, பாத்துட்டு ஐஸ் வாங்கித் தின்னுட்டு வருவோம், அவ்ளோதான்னு நிறைய பேர் நினைக்கறோம். யூனிவர்சிட்டி மியூசியம் அப்படி இல்லங்க. கண்ணாடிக்குள்ள நமக்கு காட்டறது கொஞ்சம்தான், பின்னாடி ரூம்ல டிராயர் டிராயரா இருக்கும், அங்கதான் பாடமும் நடக்கும் ஆராய்ச்சியும் நடக்கும். கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல 2018-ல தொறந்த பூச்சி அருங்காட்சியகத்த உங்க ஊர்ல இருந்து காலைல பஸ் ஏறினா போய் பாத்துட்டு சாயங்காலம் திரும்பிரலாம். நூறு வருஷத்துக்கும் மேல அந்த கேம்பஸ்ல பூச்சி பிடிச்சு, ஊசி போட்டு, பேர் எழுதி வச்சிட்டு வந்திருக்காங்க.

இதுனால யாருக்கு என்ன லாபம்னு மாமன் கேட்டாரில்ல, அதுக்கு பாப்பாவோட அப்பா, அண்ணா, நீங்களே பதில் சொல்லுங்க. 2009, 2010 ஞாபகம் இருக்குங்களா? பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாத்துலயும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா அப்பிக்கிட்டு காடே காஞ்சுது. இருக்கற மருந்தெல்லாம் அடிச்சோம், அது மேல இருக்கற மெழுகு மாவுல மருந்து ஒட்டவே இல்ல. மாவுப்பூச்சி நம்மூர்ல எப்பவும் இருக்கறதுதான், ஆனா இது நம்மூரு மாவுப்பூச்சி இல்ல, மெக்சிகோ பக்கத்து பூச்சி, இந்தியாவுலயே முதல்ல 2008-ல கோயமுத்தூர்லதான் கண்டுபிடிச்சாங்க. கண்ணால பாத்தா எல்லாம் ஒண்ணுபோலதான் தெரியும். பெண் பூச்சிய எடுத்து, மாவ நீக்கி, உடம்ப வெளுக்க வச்சு, கண்ணாடி ஸ்லைடுல ஒட்டி மைக்ரோஸ்கோப்புல துளை துளையா எண்ணிப் பாக்கணும், ஏற்கனவே இருக்கற ஸ்லைடுகளோட ஒத்துப் பாக்கணும். இதுல ஒரு விசேஷம், உயிரோட இருக்கறப்ப மஞ்சளா இருக்கற இந்த பூச்சி ஆல்கஹால்ல போட்டா நீலங்கலந்த கறுப்பா மாறிரும். பேர் சரியா தெரிஞ்சதாலதான் அதோட எதிரி யாருன்னு தேடிப் போக முடிஞ்சுது, 2010-ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து அசெரோஃபேகஸ் பப்பாயேன்னு கண்ணுக்கே சரியா தெரியாத ஒரு குளவிய வரவழைச்சு விட்டாங்க, சில மாசத்துல மாவுப்பூச்சி அடங்கிருச்சு. பேர தப்பா சொல்லியிருந்தா தப்பான குளவிதான் வந்திருக்கும். அந்த பேர சொல்ற வேலைதான் உங்க பொண்ணு டின்னுக்குள்ள ஆரம்பிச்சிருக்கற வேலை.

சரி, மருத்துவம்தான் வேணும்னு மாமன் நிக்கறாரு. அவருக்கும் ஒண்ணு சொல்லணும். 1993-ல அமெரிக்காவுல நியூ மெக்சிகோ பக்கம் நல்லா இருந்த இளவட்டங்க மூச்சுத் திணறி செத்துட்டு இருந்தாங்க. எலியில இருந்து வர்ற ஹான்டா வைரஸ்னு தெரிஞ்சுது, ஆனா திடீர்னு இப்ப எங்கிருந்து வந்துச்சுங்கறதுதான் கேள்வி. நியூ மெக்சிகோ யூனிவர்சிட்டி மியூசியத்துல முந்தின வருஷங்கள்ல பிடிச்ச எலிகளோட திசுவ ஃப்ரீசர்ல வச்சிருந்தாங்க, வேற ஏதோ ஆராய்ச்சிக்கு சேத்தது. அத எடுத்து டெஸ்ட் பண்ணினா வைரஸ் அதுலயும் இருக்கு. அது புதுசா வந்த கிருமி இல்ல, எலிக்குள்ள முன்னாடியே இருந்ததுதான்னு தெரிஞ்சது அந்த டப்பாக்களாலதான். அத சேத்து வச்சவங்க ஒருத்தரும் எம்பிபிஎஸ் படிச்சுட்டு அந்த வேலைய செய்யல.

இப்ப நம்ம பக்கத்துலயே இருக்கற ஒரு வழி, இத எந்த கோச்சிங் சென்டரும் சொல்லித் தரமாட்டாங்க. புதுச்சேரியில மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரோட வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர் இருக்கு, அதாவது வியாதி பரப்பற பூச்சிகளப் பத்தின ஆராய்ச்சி மையம், 1975-ல ஆரம்பிச்சது. அங்க எம்.எஸ்சி. பப்ளிக் ஹெல்த் என்டமாலஜின்னு ரெண்டு வருஷ படிப்பு, டிகிரி பாண்டிச்சேரி யூனிவர்சிட்டி குடுக்கும். பி.எஸ்சி. விலங்கியல் மாதிரி லைஃப் சயின்ஸ் டிகிரி இருந்தா அப்ளை பண்ணலாம். கொசு, மணல் ஈ, உண்ணி, அதுங்க பரப்பற வியாதி, இதுதான் பாடம். அங்கயே கொசுவுக்குன்னு தனியா ஒரு மியூசியமும் இருக்கு.

கொசுவுக்கு மியூசியமான்னு அக்கா நீங்க கேப்பீங்க. கொசு உடம்புல வண்டுக்கு குத்தற மாதிரி ஊசி குத்த முடியாது, அதனால பேப்பர சின்ன முக்கோணமா வெட்டி, அந்த நுனியில ஒரு பொட்டு பசை வச்சு, கொசுவோட நெஞ்சுப் பக்கத்த அதுல ஒட்டி, பேப்பர்லதான் ஊசி குத்துவாங்க. லென்ஸ் வச்சு முதுகப் பாத்தா, டெங்கு பரப்பற ஏடிஸ் எஜிப்டிக்கு யாழ் மாதிரி வளைஞ்ச வெள்ளைக் கோடு தெரியும், அதோட சொந்தக்கார கொசு அல்போபிக்டஸுக்கு நடுவுல ஒரே ஒரு நேர்கோடு. இத ஃபோட்டோல பாத்து கத்துக்கறது கஷ்டம், செதில் உதிர்ந்து போன பழைய கொசு, பாதி கால் போன கொசுன்னு நூறு கொசு பாத்தாத்தான் கண்ணு பழகும், அதுக்குத்தான் சேகரிப்பு. சென்னையில மலேரியா பரப்பற அனோஃபிலிஸ் ஸ்டெஃபன்சி, நம்ம மொட்டைமாடி டேங்க்லயும் கிணத்துலயும் முட்டை போடறது, 2012-ல ஜிபூட்டியில தெரிஞ்சுது, அப்பறம் எத்தியோப்பியா, சூடான்னு போய்ட்டே இருக்கு. ஆப்பிரிக்காவுல அவங்களுக்கு பழக்கமே இல்லாத கொசு அது. நமக்கு நூறு வருஷத்துக்கு மேல பழக்கம்.

அதனால பாப்பாவுக்கு நான் சொல்றது பி.எஸ்சி. விலங்கியல், கவர்மென்ட் காலேஜ் இல்லன்னா எய்டட் காலேஜ். மூணு வருஷ செலவு உங்க கோச்சிங் சென்டர் ஒரு வருஷத்துக்கு வாங்கினதுல பாதி கூட வராது. காலேஜ தேர்ந்தெடுக்கறப்ப பில்டிங்க பாக்காதீங்க, டிபார்ட்மென்ட் மியூசியத்த தொறந்து காட்டச் சொல்லுங்க. பூட்டு துருப்பிடிச்சிருந்தா, சாவி யார்கிட்டன்னு யாருக்கும் தெரியலன்னா, அடுத்த காலேஜுக்கு போயிருங்க. யுஜிசி 2011-ல இருந்தே டிசெக்‌ஷன குறைக்கச் சொல்லிட்டாங்க, தவளை அறுக்கறதெல்லாம் போச்சு, அது நல்லதுதான், ஆனா அப்பறம் ஒரு உடம்ப நிஜமா கையில எடுத்துப் பாக்க மாணவங்களுக்கு மிச்சம் இருக்கறது அந்த ஜாடியும் எலும்பும் டிராயரும்தான். அதுல ஆர்வம் இருக்கற ஒரு வாத்தியார் இருந்தா போதும், அவரத் தேடுங்க. செடி பக்கம் திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜ்ல 1967-ல மேத்யூ ஃபாதர் ராபினாட் ஹெர்பேரியத்த, அதாவது காய வச்ச செடிகளோட சேகரிப்ப, ஆரம்பிச்சு அங்க இருந்தே தமிழ்நாட்டு கர்நாடிக் பகுதி தாவரங்கள பதிவு பண்ணினாரு, ஒரு காலேஜ் சேகரிப்புல இருந்து அவ்ளோ பெரிய வேலை வந்திருக்கு.

கஷ்டத்தையும் மறைக்காம சொல்லிடறேன். பி.எஸ்சி.யோட நிறுத்தினா இந்த துறையில வேலை பெருசா இல்ல, எம்.எஸ்சி. கட்டாயம். பி.எஸ்சி. விலங்கியல் வச்சு வேளாண் பல்கலைக்கழகத்து எம்.எஸ்சி. பூச்சியியலுக்குள்ள போறது கஷ்டம், அங்க பொதுவா அக்ரி டிகிரி கேக்கறாங்க. சுகாதாரத்துறை பூச்சியியல் போஸ்ட், துறைமுகத்துல வர்ற செடி, விதையில பூச்சி நோய் இருக்கான்னு பாக்கற பிளான்ட் குவாரன்டைன் போஸ்ட், கொல்கத்தாவ தலைமையா வச்சு சென்னையிலயும் இருக்கற இசட்எஸ்ஐ (இந்திய விலங்கியல் ஆய்வகம்) போஸ்ட், எதுவும் வருஷா வருஷம் வராது, நோட்டிஃபிகேஷன்ல தகுதிய வரி வரியா படிக்கணும். ஆராய்ச்சி படிப்புக்கு நடத்தற சிஎஸ்ஐஆர் நெட் பரீட்சையில ஜேஆர்எஃப்ங்கற உதவித்தொகை தகுதி வாங்கினா மாசம் 37,000 ஃபெலோஷிப், வாடகைப்படி தனி, பி.எச்டி. முடிக்கற வரைக்கும் வீட்டுல கை நீட்ட வேண்டாம். ஆனா அது சுலபமான பரீட்சை இல்ல. பூச்சிய பாத்தா தள்ளிப்போற புள்ளைக்கு இத நான் சொல்லவே மாட்டேன். உங்க பொண்ணு ரெண்டு வருஷமா நீட்டுக்கு நடுவுல, திட்டு வாங்கிக்கிட்டே இத செஞ்சிருக்கா.

ஒரே ஒரு குறை அந்த டின்னுல பாத்தேன். ஒரு பூச்சிக்கும் லேபிள் இல்ல. எந்த ஊரு, என்ன தேதி, எந்த செடி மேல, யாரு பிடிச்சது, இந்த நாலும் எழுதின துண்டுச்சீட்டு ஊசியில இல்லன்னா எந்த மியூசியமும் அத ஆராய்ச்சிக்கு எடுத்துக்காது. அக்கா, இன்னைக்கு ராத்திரி நீங்க ரெண்டு பேரும் அந்த டின்ன வச்சுக்கிட்டு உக்காருங்க. காண்டாமிருக வண்டு எந்த தென்னையில இருந்து எடுத்ததுன்னு, உரக்குழியில இருந்து எடுத்தது எதுன்னு உங்களுக்கும் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். மறந்து போறதுக்குள்ள எழுதிருங்க.